சுற்றாத கலக்கியும் பொய் சொல்லும் தெர்மோமீட்டரும்

ரியாக்டர் மேடையில் இரவு ஷிஃப்ட் பார்க்கும் தம்பி தங்கைகளுக்கு,

கடலூர், ராணிப்பேட்டை, கும்மிடிப்பூண்டி, மணலி என்று நம்மூர்ப் பேட்டைகளில் இருப்பவர்களுக்கும், வேலை தேடி ஐதராபாத்துக்கும் விசாகப்பட்டினத்துக்கும் அங்கலேஷ்வருக்கும் போய் அங்கே பேட்ச் ஓட்டிக்கொண்டிருப்பவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்த மடல். பி.எஸ்சி. வேதியியல் முடித்து டிரெயினியாகச் சேர்ந்தவர், டிப்ளமோ படித்துவிட்டு ஷிஃப்ட் இன்சார்ஜ் ஆனவர், காண்ட்ராக்டில் வந்து மூட்டை தூக்கிக்கொண்டே வேலை கற்றுக்கொண்ட ஹெல்ப்பர் என்று யாரையும் இதில் பிரித்துப் பார்க்கவில்லை. இரவு இரண்டு மணிக்கு அந்த மேடையில் நிற்பவர் யாரோ அவருக்கு எழுதுகிறேன்.

உங்கள் கையில் இருக்கும் பேட்ச் ஷீட்டை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். 'அஜிடேட்டரை ஓடவிடவும்' என்ற வரி கட்டாயம் இருக்கும். எத்தனை ஆர்.பி.எம். என்றுகூடப் போட்டிருப்பார்கள். பேட்ச் நடுவில் அந்தக் கலக்கி நின்றுபோனால் என்ன செய்வது என்று ஒரு வரியாவது இருக்கிறதா? நான் பார்த்த ஷீட்டுகளில் பெரும்பாலானவற்றில் இல்லை. டெம்பரேச்சர் ஏறினால் என்ன செய்ய வேண்டும், பிரஷர் ஏறினால் என்ன செய்ய வேண்டும் என்று சிவப்பு எழுத்தில் இருக்கும். கலக்கி நின்றால் மெயின்டனன்ஸுக்குப் போன் போடச் சொல்லியிருப்பார்கள், அவ்வளவுதான். ஏதோ குழாய் ஒழுகுகிற மாதிரி.

நம் தொழிலில் கலக்கியை ஒரு மோட்டாராகத்தான் பார்க்கிறோம். கெமிஸ்டுக்கு அது மெக்கானிக்கல் ஆட்களின் சமாசாரம். மெக்கானிக்கல் ஆட்களுக்கோ கியர்பாக்ஸில் எண்ணெய் இருக்கிறதா, சீல் ஒழுகுகிறதா என்பதோடு பொறுப்பு முடிந்தது. இரண்டு பேருக்கும் நடுவில் விழுந்துவிட்ட பொருள் அது. ரப்சர் டிஸ்க் போல, ரிலீஃப் வால்வு போல, கலக்கியும் ஒரு பாதுகாப்புக் கருவி. அதை அந்த வரிசையில் சேர்க்க வேண்டும் என்பதுதான் என் ஒரே கோரிக்கை.

காரணம் எளியது. ரியாக்டரின் டெம்பரேச்சர் என்று நாம் சொல்வது உண்மையில் தெர்மோவெல்லின் நுனி நிற்கும் இடத்தின் டெம்பரேச்சர். ஐயாயிரம் லிட்டர் சரக்கில் அந்த நுனியைத் தொட்டுக்கொண்டிருப்பது ஒரு டம்ளர் அளவுகூட இருக்காது. மீதிச் சரக்குக்கும் அதே சூடுதான் என்று நாம் நம்புவதற்கு உள்ள ஒரே ஆதாரம், உள்ளே கலக்கி சுற்றிக்கொண்டிருக்கிறது என்பது. அது நின்ற நொடியிலிருந்து பேனலில் தெரிவது அந்த ஒரு டம்ளரின் எண். மேல்மட்டத்தில் என்ன சூடு, சுவரை ஒட்டி என்ன சூடு, அடியில் என்ன சூடு என்று பேனலுக்குத் தெரியாது. தெரியாததை அது ஒத்துக்கொள்வதும் இல்லை. பழைய எண்ணையே நிதானமாகக் காட்டிக்கொண்டிருக்கும்.

செவேசோ என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். டையாக்சின் விஷம் பரவிய கதையாக அதைக் கல்லூரியில் சொல்லித் தருகிறார்கள். உங்கள் மேடையில் நின்று பார்த்தால் அது ஒரு கலக்கியை நிறுத்திய கதை. 1976 ஜூலை 10, சனிக்கிழமை. இத்தாலியில் மிலானுக்கு வடக்கே மேதா என்ற ஊரில் இக்மேசா என்ற தொழிற்சாலையில் ட்ரைகுளோரோபீனால் பேட்ச் ஓடிக்கொண்டிருந்தது. வார இறுதிக்கு ஆலையை நிறுத்தியாக வேண்டும். அதனால் கிளைக்காலைக் காய்ச்சி எடுக்கும் வேலையைப் பாதிகூட முடியாத நிலையில் விடியற்காலையில் நிறுத்தினார்கள். நீராவியை மூடினார்கள். கொஞ்ச நேரம் கலக்கியை ஓடவிட்டு அதையும் அணைத்தார்கள். சரக்கின் சூடு அப்போது 158 டிகிரி செல்சியஸ். அந்த வினை தறிகெட்டு ஓட அதைவிட வெகு அதிகமான சூடு வேண்டும் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். ஆறு மணிக்கு ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

அவர்கள் கவனிக்காதது ரியாக்டரின் சுவர். அங்கே சூடேற்றப் பயன்பட்டது டர்பைனிலிருந்து வெளிவரும் நீராவி. வழக்கமாக அது 190 டிகிரி இருக்கும். வார இறுதிக்காக மற்றப் பிரிவுகள் ஒவ்வொன்றாக நின்றதால் டர்பைனின் சுமை குறைந்து, அந்த நீராவி 300 டிகிரி வரை ஏறியிருந்தது. திரவம் தொடாத மேல்பகுதிச் சுவர் அந்தச் சூட்டைப் பிடித்து வைத்துக்கொண்டது. கலக்கி ஓடியிருந்தால் அந்த வெப்பம் மொத்தச் சரக்கிலும் பரவி, ஒன்றிரண்டு டிகிரி ஏற்றிவிட்டு அடங்கியிருக்கும். கலக்கி நின்றுவிட்டதால் சுவரின் வெப்பம் முழுவதும் மேல் அடுக்கின் மேலேயே இறங்கியது. சில அங்குல ஆழம் மட்டும் காய்ந்தது. அந்த மெல்லிய அடுக்கில் வினை தொடங்கியது. தானே தன்னைச் சூடாக்கிக்கொண்டது. பகல் 12.37க்கு ரப்சர் டிஸ்க் கிழிந்து, உள்ளே இருந்தது மேகமாக வெளியே வந்தது. மேகம் போய்ப் படிந்த பக்கத்து ஊரின் பெயர்தான் செவேசோ. ஏறக்குறைய 190 பேருக்கு, பெரும்பாலும் குழந்தைகளுக்கு, முகத்திலும் உடலிலும் டையாக்சின் கொப்புளங்கள் வந்தன. ஆடு, மாடு, கோழி, முயல் என்று பல்லாயிரம் கால்நடைகளைக் கொன்று புதைத்தார்கள். ஐரோப்பா முழுவதற்குமான பெருவிபத்துச் சட்டம் 1982இல் அந்த ஊரின் பெயரையே தாங்கி வந்தது.

நீராவியை மூடியாயிற்று. புதிதாக எதையும் சேர்க்கவில்லை. யாரும் எந்தத் தப்பான பொத்தானையும் அழுத்தவில்லை. கலக்கியை அணைத்துவிட்டுப் போனார்கள், அவ்வளவே. அதற்குப் பிறகு ஆறு மணி நேரத்துக்கு மேல் எதுவும் நடக்காததுபோல் இருந்தது என்பதையும் மனத்தில் வையுங்கள். கலக்கி நின்ற ரியாக்டர் உடனே கத்துவதில்லை.

இத்தாலிக் கதை தூரத்தில் இருப்பதாகத் தோன்றினால் விசாகப்பட்டினத்துக்கு வாருங்கள். 2020 மே 7, விடியற்காலை, எல்.ஜி. பாலிமர்ஸ். ஊரடங்கில் மூடிக் கிடந்த ஆலையின் ஸ்டைரீன் தொட்டியிலிருந்து ஆவி கிளம்பி, வெங்கடாபுரத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள்மேல் இறங்கியது. 12 பேர் இறந்தார்கள். அது ரியாக்டர்கூட இல்லை, வெறும் சேமிப்புத் தொட்டி. ஆனால் உள்ளே நடந்த பிசகு அதே குடும்பம். ஆந்திர அரசு அமைத்த உயர்நிலைக் குழு தன் அறிக்கையில் சொன்னது இது: சில மாதங்களுக்கு முன் குழாயில் செய்த ஒரு மாற்றத்தால் தொட்டிக்குள் சரக்கு சரியாகச் சுழன்று கலக்கவில்லை. மேலே ஒரு சூடு, கீழே ஒரு சூடு என்று அடுக்காக நின்றது. சூடு பார்க்கும் கருவியோ அடியில் மட்டும் இருந்தது. அடியில் குளிர்ச்சி. மேலே ஸ்டைரீன் தானாகவே பாலிமராக மாறிக் கொதித்துக்கொண்டிருந்தது. லாக்புக்கைப் பார்த்தவருக்கு எல்லாம் சரி.

இனி உங்கள் அன்றாடத்துக்கு வருகிறேன். நின்ற கலக்கி செய்யும் இரண்டாவது வேலை, அடுக்கு கட்டுவது. இதுதான் நம்மூர் மேடைகளில் அதிகம் நடக்கக்கூடியது.

ஒரு சரக்கு உள்ளே இருக்கிறது, இன்னொன்றைச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்கிறோம். அடிஷன் என்கிறோம். சேரும் வேகத்திலேயே வினையும் நடந்து முடிந்துவிட வேண்டும் என்பதுதான் அப்படி மெதுவாகச் சேர்ப்பதன் பொருள். ஒவ்வொரு லிட்டரும் தன் சூட்டைக் கக்கிவிட்டு அடங்கும், ஜாக்கெட்டில் ஓடும் பிரைன் அந்தச் சூட்டைக் கொண்டுபோகும், அடுத்த லிட்டர் வரும். கலக்கி நின்றால் இந்தக் கணக்கு உடைகிறது. சேர்கிற சரக்கு வினைபுரியாமல் தேங்குகிறது. கந்தக அமிலத்தின் அடர்த்தி 1.84, தண்ணீரைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. கலக்காமல் ஊற்றினால் அது கீழே போய்ப் பாய் விரித்துப் படுத்துக்கொள்ளும். டொலுயினின் அடர்த்தி 0.87. நைட்ரேஷன் அமிலத்தின்மேல் அது எண்ணெய்போல் மிதக்கும். இரண்டும் சந்திப்பது நடுவில் ஒரு தகட்டளவு இடத்தில்தான். அதனால் சூடும் பெரிதாகத் தெரியாது. சொல்லப்போனால் பிரைன் ஓடிக்கொண்டிருப்பதால் தெர்மோமீட்டர் இறங்கும். அடிஷன் போகும்போது வழக்கமாக வரும் சூடு வரவில்லை என்றால் 'இன்றைக்குக் கூலிங் நன்றாக இருக்கிறது' என்று மகிழ்ந்துவிடாதீர்கள். வர வேண்டிய சூடு எங்கேயும் போய்விடவில்லை. உள்ளே காத்திருக்கிறது.

இந்த நிலையில் ஒருவர் வந்து கலக்கியை மறுபடி ஓடவிடுகிறார். இருபது நிமிடத்தில் மெல்ல நடந்திருக்க வேண்டிய வினை ஒரு நிமிடத்தில் நடக்க ஆசைப்படுகிறது. ஜாக்கெட் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அதற்கு ஈடு கொடுக்காது. நைட்ரேஷன், டையசோ, கிரிக்னார்ட், குளோரினேஷன் என்று சூடு தள்ளும் எந்த வினைக்கும் இந்த வாய்ப்பு உண்டு. விபத்துப் புத்தகங்களில் ஊரும் ஆண்டும் மாறும், வரிசை மாறுவதில்லை: கலக்கி நின்றது, அடிஷன் தொடர்ந்தது, யாரோ கவனித்தார், ஸ்விட்சைப் போட்டார்.

மின்வெட்டுக் காலத்தில் வேலை பார்த்த உங்கள் சீனியர்களைக் கேளுங்கள். 2012ஐ ஒட்டிய ஆண்டுகளில் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. கரண்ட் போனதும் ஆலை திடீரென்று அமைதியாகும். ஜெனரேட்டர் எடுக்கும்வரை இருட்டு. லோடு வந்ததும் ஒருவர் மேடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்துகொண்டே எல்லாப் பச்சைப் பொத்தான்களையும் தட்டிக்கொண்டு போவார். அதைச் சுறுசுறுப்பு என்று பாராட்டும் மேனேஜர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு ரியாக்டரில் வெறும் கழுவுத் தண்ணீர் இருக்கும், இன்னொன்றில் அடிஷன் பாதியில் இருக்கும். பொத்தான் இரண்டுக்கும் ஒன்றுதான்.

இதில் ஒளிந்திருக்கும் ஒரு கண்ணியை நம் ஆலைகளில் பலர் யோசிப்பதில்லை. கரண்ட் போனால் பம்ப் நிற்கும். மேலே வைத்த அடிஷன் டேங்கிலிருந்து தன் எடையாலேயே இறங்கும் சரக்கு நிற்காது. கையால் திறந்து வைத்த வால்வு திறந்தேதான் இருக்கும். கலக்கி நின்று, பிரைன் பம்ப் நின்று, விளக்கும் அணைந்த நேரத்தில் அடிஷன் மட்டும் உண்மையாக உழைத்துக்கொண்டிருக்கும். ஆகவே கரண்ட் போனால் டார்ச்சைத் தேடும் முன் அடிஷன் வால்வை மூடுங்கள். எந்த வினையாக இருந்தாலும் இது பொருந்தும். சூடேற்றிக்கொண்டிருந்தால் நீராவியையும் மூடுங்கள். யார் அனுமதியும் இதற்குத் தேவைப்படக் கூடாது. பேட்ச் கெட்டாலும் உங்களைக் கேட்கக் கூடாது என்று மேனேஜரிடம் முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மறுபடி ஓடவிடலாமா, கூடாதா? அதற்கு ஒரே பதில் கிடையாது. கழுவுத் தண்ணீர் என்றால் ஓடவிடலாம். அடிஷன் பாதியில் நின்ற நைட்ரேஷன் என்றால், நின்ற பிறகு எத்தனை லிட்டர் உள்ளே போயிற்று என்று தெரியாமல் பொத்தானைத் தொடக் கூடாது. அந்தந்த வினையின் சூட்டை அளந்து பார்த்தவர்கள், அதாவது கலோரிமீட்டரில் ஓட்டிப் பார்த்தவர்கள், பகல் வெளிச்சத்தில் உட்கார்ந்து எழுதி வைக்க வேண்டிய பதில் அது. இரவு இரண்டு மணிக்கு ஒரு டிரெயினி மனக்கணக்கில் போட வேண்டியது இல்லை.

நைட்ரோகிளிசரின் செய்தவர்கள் இதையெல்லாம் நூறு ஆண்டுகளுக்கு முன்பே யோசித்திருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். ஸ்காட்லாந்தில் ஆர்டீர் என்ற இடத்தில் ஆல்ஃபிரட் நோபல் தொடங்கிய ஆலையில், நைட்ரேட்டருக்கு முன்னால் தெர்மோமீட்டரைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு ஒற்றைக்கால் முக்காலி கொடுத்தார்கள். முக்காலி என்ற பேரே பொருந்தாத இருக்கை. கண் அயர்ந்தால் விழுந்துவிடுவார். எல்லோரும் ரசித்துச் சொல்லும் கதை இதுதான். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறு இரண்டு ஏற்பாடுகள். ஒன்று, உள்ளே சுழலும் இரும்புத் தண்டே வேண்டாம் என்று அழுத்தக் காற்றைக் குமிழ்களாக விட்டுக் கலக்கினார்கள். இன்னொன்று, நைட்ரேட்டருக்குக் கீழே பெரிய தண்ணீர்த் தொட்டி. சூடு குறித்த அளவைத் தாண்டினால் அடிவால்வைத் திறந்து மொத்தச் சரக்கையும் அதில் மூழ்கடித்துவிட்டு ஆட்கள் வெளியேறிவிடலாம். சரக்கு போனால் போகட்டும் என்று முதலாளியே முடிவெடுத்து வைத்த தொட்டி. நம் நீலகிரியில் அருவங்காட்டில் கார்டைட் என்ற வெடிமருந்து ஆலை வந்தபோது அதற்கு ஆதாரமான சரக்குகளில் ஒன்றும் இந்த நைட்ரோகிளிசரின்தான்.

அந்தக் காற்றுக்குமிழ் யோசனையை இன்றைக்கும் எடுத்துக்கொள்ளலாம். கலக்கி நின்றால் டிப் பைப் வழியாக அடியிலிருந்து நைட்ரஜனைக் குமிழவிட்டுச் சரக்கை ஓரளவு புரட்டிக் கொடுக்கும் ஏற்பாடு பல நல்ல ஆலைகளில் உண்டு. அதற்குக் கரண்ட் வேண்டாம், சிலிண்டர் வங்கி போதும். காற்று மட்டும் வேண்டாம், உள்ளே இருப்பது கரைப்பான். அதேபோல வினையை அணைக்கும் திரவத்தை ஒரு டேங்கில் தயாராக வைப்பதும் உண்டு. உங்கள் ஆலையில் இரண்டில் ஒன்றாவது இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். கேட்பதற்குக் காசில்லை.

அடுத்தது, கலக்கி சுற்றுகிறது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? பச்சை விளக்கு எரிகிறது என்பீர்கள். பச்சை விளக்குக்குத் தெரிந்தது, மோட்டாருக்குக் கரண்ட் போகிறது என்பது மட்டும். மோட்டாருக்கும் பிளேடுக்கும் நடுவில் வி-பெல்ட் இருக்கிறது, கியர்பாக்ஸ் இருக்கிறது, கப்ளிங் இருக்கிறது, சாவி இருக்கிறது, போல்ட் இருக்கிறது. எது அறுந்தாலும் மேலே மோட்டார் உற்சாகமாகச் சுற்றும். எனக்குத் தெரிந்த ஓர் ஆலையில் தண்டின் கீழ்முனையில் இம்பெல்லரைப் பிடித்திருந்த போல்ட்டுகள் அரித்துப்போய், இம்பெல்லர் அடியில் உட்கார்ந்துகொண்டது. தண்டு சுற்றுகிறது, சைட் கிளாஸில் தண்டு தெரிகிறது, எல்லோருக்கும் நிம்மதி. அடுத்தடுத்த பேட்ச்களில் ஈல்டு குறைந்தது. ராமெட்டீரியல் சரியில்லை என்று சப்ளையரோடு சண்டை போட்டார்கள். ரியாக்டரைக் கழுவத் திறந்தபோதுதான் உண்மை தெரிந்தது. நல்ல வேளையாக அது சாதுவான வினை.

அதைக் கண்டுபிடித்திருக்கக்கூடிய கருவி அந்தப் பேனலிலேயே இருந்தது. ஆம்மீட்டர். சுமை இல்லாத மோட்டார் குறைவான ஆம்ஸ் எடுக்கும். கெட்டியான சரக்கு என்றால் கூடுதலாக எடுக்கும். பேட்ச் ஷீட்டில் ஒவ்வொரு கட்டத்திலும் டெம்பரேச்சருக்குப் பக்கத்தில் ஆம்ஸ் எழுத ஒரு கட்டம் போடச் சொல்லுங்கள். ஒரு மாதம் எழுதினால் உங்கள் ரியாக்டரின் சாதாரண எண் உங்களுக்கே மனப்பாடமாகிவிடும். பிறகு வித்தியாசம் வரும்போது கண்ணில் குத்தும். இன்னும் வசதியுள்ள ஆலைகள் தண்டிலேயே ஒரு சென்சார் வைத்துச் சுழற்சியை எண்ணலாம். கலக்கி நின்றால் அடிஷன் வால்வு தானே மூடும் இன்டர்லாக் இருப்பதாக உங்கள் ஆலையில் பெருமையாகச் சொன்னால், அது எதைப் பார்த்து மூடுகிறது என்று ஒரு கேள்வி கேளுங்கள். ஸ்டார்ட்டரைப் பார்த்தா, தண்டைப் பார்த்தா?

ஆர்.பி.எம்.மைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இப்போது எல்லா இடத்திலும் வி.எஃப்.டி. வந்துவிட்டது. குமிழைத் திருப்பினால் வேகம் குறைகிறது. சரக்கு கெட்டியாகி மோட்டார் டிரிப் ஆகிறது என்றால் வேகத்தைக் குறைத்து ஓட்டிவிடுகிறோம். தண்ணீர்போல் ஓடும் திரவத்தில் கலக்கி உள்ளே செலுத்தும் சக்தி, வேகத்தின் மும்மடியாக மாறும். வேகத்தைப் பாதியாக்கினால் சக்தி எட்டில் ஒரு பங்கு. இம்பெல்லரின் விட்டத்துக்கோ ஐந்தாம்படி. பத்து சதவீதம் பெரிய இம்பெல்லரை மாட்டினால் ஏறத்தாழ அறுபது சதவீதம் கூடுதல் சக்தி கேட்கும். கூழ்போன்ற சரக்கில் கணக்கு வேறு, ஆனால் அங்கேயும் கலக்கல் படுத்துவிடும். கைக்கு எட்டும் ஒரு குமிழ் இவ்வளவு பெரிய மாற்றத்தைச் செய்கிறது என்பதால், அந்தக் குமிழைத் திருப்புவதும் லாக்புக்கில் ஏற வேண்டிய காரியம்.

ஆர் அண்ட் டி லேபில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு இங்கே ஒரு வார்த்தை. உங்கள் ஃபிளாஸ்கில் நடக்கும் வினை மேடையில் நடப்பதில்லை. ஒரு லிட்டரை அதே வடிவத்தில் ஐயாயிரம் லிட்டராகப் பெருக்கினால், கொள்ளளவு ஐயாயிரம் மடங்கு ஆகிறது, சுவர்ப் பரப்பு முந்நூறு மடங்குக்குக் கொஞ்சம் கீழேயே நின்றுவிடுகிறது. ஒவ்வொரு லிட்டர் சரக்குக்கும் கிடைக்கும் குளிர்ச்சிப் பரப்பு ஏறத்தாழ பதினேழில் ஒரு பங்கு. ஃபிளாஸ்கில் சூடு ஏறினால் ஐஸ் பாத்தில் வைத்துவிடுவீர்கள். மேடையில் அந்தச் சுகம் இல்லை.

அளவைப் பெருக்கும்போது என்ன ஆகலாம் என்பதற்கு ஓர் உதாரணம். அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலத்தில் ஜாக்சன்வில் நகரில் டி2 லேபரட்டரீஸ் என்ற சிறிய கம்பெனி. பெட்ரோலில் சேர்க்கும் ஒரு பொருளைச் சோடியம் வைத்துச் செய்துவந்தார்கள். செய்முறையை ஒரு லிட்டர் ரியாக்டரில் உருவாக்கியவர்கள், இடைப்பட்ட அளவு எதையும் ஓட்டிப் பார்க்காமல் நேராக 2,450 கேலன், அதாவது ஒன்பதாயிரம் லிட்டருக்கு மேல் கொள்ளும் ரியாக்டருக்குத் தாவினார்கள். ஆரம்ப பேட்ச்களிலேயே சூடு கட்டுக்கு மீறியது. செய்முறையைத் திருத்தி ஓட்டப் பழகிக்கொண்டார்கள். பின்னால் பேட்ச் அளவையும் கூட்டினார்கள். ஜாக்கெட்டுக்கு வருவதோ ஊர்த் தண்ணீர்தான், அது நின்றால் மாற்று கிடையாது. 2007 டிசம்பர் 19, 175ஆவது பேட்ச். கூலிங் வேலை செய்யவில்லை. குறிப்பிட்ட சூட்டைத் தாண்டியதும் சோடியம் கரைப்பானோடேயே வினைபுரியத் தொடங்கியது. இப்படி இரண்டாவதாக ஒரு வினை அங்கே காத்திருப்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. நான்கு பேர் இறந்தார்கள், முதலாளிகளில் ஒருவரும் அதில் அடக்கம். 32 பேர் காயமடைந்தார்கள். விசாரித்த அமெரிக்க ரசாயனப் பாதுகாப்பு வாரியம் ஆலைக்காரர்களோடு நிறுத்திக்கொள்ளாமல், கெமிக்கல் இன்ஜினீயரிங் பாடத்திட்டத்திலேயே வினை அபாயங்களைச் சேர்க்க வேண்டும் என்று பரிந்துரை செய்தது. கலக்கி அங்கே நிற்கவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். கலக்கி மட்டும் ஓடினால் போதும் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

கலக்கியை விட்டுக் கொஞ்சம் விலகினால், மேன்ஹோலைத் திறந்து பிளாஸ்டிக் உறையிலிருந்து பவுடர் கொட்டுவதைப் பற்றி இன்னொரு மடலே எழுதலாம். உள்ளே டொலுயின், அதன் ஃபிளாஷ் பாயின்ட் 4 டிகிரி. நம் ஊரில் எந்தக் குளிர்காலத்திலும் அது பற்றத் தயாராகவே இருக்கும். உறையில் கிளம்பும் மின்பொறி போதும். இப்போதைக்கு, எர்த்திங் கிளிப்பை மாட்டாமல், நைட்ரஜன் இல்லாமல் கொட்டாதீர்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

ரியாக்டருக்குள் இறங்கிக் கழுவும் ஹெல்ப்பர் தம்பிக்கு: நீங்கள் உள்ளே இருக்கும்போது மேலே யாராவது அந்தப் பச்சைப் பொத்தானைத் தட்டினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். 'ஆஃப்' செய்திருக்கிறேன் என்று யார் சொன்னாலும் போதாது. ஃபியூஸைக் கழற்றி, பூட்டுப் போட்டு, அந்தச் சாவி உங்கள் பையில் இருக்க வேண்டும். நைட்ரஜன் லைனைக் கழற்றிக் குருட்டுத் தகடு போட்டிருக்க வேண்டும். நைட்ரஜனுக்கு வாசனை கிடையாது, இருமல்கூட வராது. உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால் அவரைத் தூக்க அடுத்தவர் வெறுங்கையோடு குதிப்பதும், இரண்டு பேருமே திரும்பாததும் எல்லாத் தொழில் பேட்டைகளும் கேட்ட செய்தி. உள்ளே காற்று சரியாக இருக்கிறது என்று தகுதியுள்ளவர் எழுதித் தர வேண்டும், இல்லையென்றால் மூச்சுக் கருவியும் இடுப்பில் கயிறும் வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 36ஆம் பிரிவிலேயே எழுதிவைத்தது.

சட்டப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு, 1987இல் அந்தச் சட்டத்தில் அபாயகரமான தொழில்களுக்கென்று தனி அத்தியாயம் சேர்த்தார்கள். அதில் 41எச் என்ற பிரிவு, உடனடி ஆபத்து இருப்பதாகத் தொழிலாளிக்கு நியாயமான அச்சம் ஏற்பட்டால் அதை நிர்வாகத்திடம் சொல்லவும், அதே நேரத்தில் ஆய்வாளரின் கவனத்துக்குக் கொண்டுபோகவும் உரிமை கொடுத்தது. இப்போது புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வந்திருக்கின்றன, பிரிவு எண்கள் மாறுகின்றன. யூனியன்காரரிடமோ பாதுகாப்பு அதிகாரியிடமோ கேட்டு இன்றைய எண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள். 'உனக்கு என்ன தெரியும்' என்று கேட்பவரிடம் எண்ணைச் சொல்வது கொஞ்சம் உதவும்.

கடைசியாக ஓர் உதவி கேட்கிறேன். நம் லாக்புக்குகளில் 'கரண்ட் கட், 20 நிமிடம், பேட்ச் தொடரப்பட்டது' என்ற வரி எத்தனையோ இருக்கிறது. அந்த இருபது நிமிடத்தில் ரியாக்டருக்குள் என்ன நடந்தது என்று ஒரு வரியும் இல்லை. ஒன்றும் ஆகாமல் தப்பிய இரவுகளை யாரும் எழுதிவைப்பதில்லை, அதனால் அடுத்த ஆலையில் இருப்பவருக்கு அவை பயன்படுவதும் இல்லை. உங்களுக்கு அப்படி ஓர் இரவு இருந்தால் எழுதி அனுப்புங்கள். ஆலையின் பெயர் வேண்டாம், உங்கள் பெயரும் வேண்டாம். என்ன வகை வினை, எந்தக் கட்டத்தில் கலக்கி நின்றது, அதற்குள் எவ்வளவு சேர்ந்திருந்தது, ஆம்ஸ் என்ன காட்டியது, மறுபடி ஓடவிட்டபோது சூடு எத்தனை டிகிரி ஏறியது, எத்தனை நிமிடத்தில் ஏறியது. இவ்வளவு இருந்தால் போதும்.

அன்புடன்,
உற்பத்திப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர்